குடும்பிமலை அடிவாரத்தில் பிள்ளைகளுக்கு ஒரு பாசறைத் தளம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஆகஸ்ட் விடுமுறை நெருங்குகிறது. மட்டக்களப்பு மாவட்டப் பாடசாலைகளில் சாரணியர் குழுவைப் பொறுப்பெடுத்திருக்கும் ஆசிரியைகளுக்கு இப்போது ஒரே யோசனைதான். இந்த முறை பிள்ளைகளை எங்கே பாசறைக்குக் கொண்டுபோவது? பெரும்பாலும் பாடசாலை மைதானத்திலேயே கூடாரம் அடிக்கிறோம். இரவு பத்து மணிக்கு மதிலுக்கு அந்தப் பக்கம் முச்சக்கரவண்டி போகும், தெரு லாம்பு முகத்தில் அடிக்கும், பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சியில் நாடகம் ஓடும். முடிச்சுப் போடவும் முதலுதவிக் கட்டுக் கட்டவும் அங்கே பழகலாம். காட்டைப் பழக முடியாது.

எங்கள் மாவட்டத்துக் குடும்பிமலை அடிவாரத்தில் சிறிய பாசறைத் தளம் ஒன்று அமைத்துத் தாருங்கள் என்று கேட்கவே இதை எழுதுகிறேன். ஹோட்டல் வேண்டாம். மரவீடு, நீச்சல் தடாகம் எதுவும் வேண்டாம். எட்டுப் பத்துக் கூடாரம் அடிக்கச் சமப்படுத்திய நிலம், தண்ணீர், பூட்டுள்ள மலசலகூடம், இரவில் விழித்திருக்க ஒரு காவலாளி. இவ்வளவும் போதும்.

இப்படியொரு இடம் எப்படி இருக்கும் என்பதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். சென்ற வருடம் எங்கள் பிள்ளைகளைக் கண்டிப் பக்கம் கூட்டிப்போனோம். செங்கலடியில் திரும்பி, கரடியனாறு, புல்லுமலை, மகாஓயா, பதியத்தலாவ, மகியங்கனை தாண்டி, பதினெட்டு வளைவில் வான் முக்கி முக்கி ஏறும்போதே பின்னால் இருந்த சின்னப் பிள்ளைகள் இரண்டு பேர் வாந்தி. ஹுன்னஸ்கிரியவில் பிரதான வீதியை விட்டு மேலே ஏறினால் நக்கிள்ஸ் மலைக்காடு. 2010இல் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்க்கப்பட்ட மத்திய மலைநாட்டின் ஒரு பகுதி அது. இவ்வளவு பேர்பெற்ற காட்டின் ஓரத்தில், கண்டி மாநகரத்தில் இருந்து காலையில் புறப்பட்டு மாலையில் திரும்பக்கூடிய தூரத்தில், நாங்கள் தங்கிய தளம் ஒரு வீட்டு வளவு அளவுதான் இருக்கும். படிபடியாக வெட்டிய மண்மேடை, ஒவ்வொரு மேடையிலும் இரண்டு கூடாரம். மேலே பாறையில் இருந்து குழாய் வழியாக வரும் தண்ணீர். கீழே தகரம் போட்ட குசினி, அதற்கு அப்பால் இரண்டு மலசலகூடம்.

அந்த மலசலகூடங்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாக எழுத வேண்டும். கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் இருந்தது, அது ஒழுங்காக விழுந்தது. வாளியும் கோப்பையும் இருந்தன. மூடியுள்ள கூடையும், பக்கத்தில் ஒரு ஆணியில் பழைய பத்திரிகைத் தாளும் தொங்கின. போகும் பாதையில் வெள்ளை பூசிய கற்கள் இருபுறமும் வைத்திருந்தார்கள்; இருட்டில் ரோர்ச் அடித்தால் வழி தெரியும். பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பெண்பிள்ளைகளை வெளியூர் கூட்டிப்போகும் எவருக்கும் இந்தத் தாழ்ப்பாளும் கூடையும் எவ்வளவு பெரிய விசயம் என்று தெரியும். ஒரு பிள்ளைக்கு அன்று இரவுதான் வீட்டுக்குத் தூரமானது. தாயிடம் சொல்லவே கூச்சப்படும் பிள்ளை, மழைக்குளிரில், வேற்றூரில். என்னைக் கூப்பிட்டாள், கற்களைப் பிடித்துக்கொண்டு போனோம், வந்தோம். காலையில் மற்றப் பிள்ளைகளோடு சேர்ந்து அவளும் மலையேறினாள்.

அங்கே பொறுப்பாக இருந்தவர் வயதான சிங்களவர். தமிழ் அவருக்குக் கொஞ்சம், சிங்களம் எங்களுக்குக் கொஞ்சம். நாங்கள் போய் இறங்கியதும் பைகளைத் திறக்கச் சொன்னார். ஹோர்டன் சமவெளி வாசலில் செய்வது போலவே பிஸ்கட் உறைகளைக் கழற்றித் தாளில் சுற்றித் தந்தார், தண்ணீர்ப் போத்தல்களை எண்ணிக் கொப்பியில் எழுதினார். திரும்பும்போது அதே கொப்பியை எடுத்துப் போத்தல்களை மறுபடி எண்ணினார். ஒன்று குறைந்தது. பிள்ளைகள் கூடாரம் இருந்த மேடைக்கு ஓடிப்போய்ப் புல்லுக்குள் தேடி எடுத்துக் கொடுத்த பிறகுதான் வாசலைத் திறந்தார். அன்று பின்னேரம் பெரிய ஒலிபெருக்கியோடு ஒரு வான் வந்தது. மேடைகள் நிறைந்துவிட்டன என்று சொல்லித் திருப்பி அனுப்பினார். அவர்கள் இரட்டிப்புக் காசு தருவதாகச் சொன்னதும், அவர் கையைக் கூப்பி மறுத்ததும் எங்கள் எல்லோருக்கும் விளங்கியது. அதற்கு மொழி தேவைப்படவில்லை.

ஆயிரம் மீற்றர் ஏறினால் ஆறு பாகையளவு குளிரும் என்று வகுப்பில் படிப்பிக்கிறோம். மட்டக்களப்புப் பிள்ளைகளுக்கு அதைத் தோல் அறிந்தது அந்த இரவில்தான். சவர்க்காரம் பூசிய காலிலும் அட்டை ஏறியது, அதையும் பழகிக்கொண்டார்கள். நெருப்புக்குக் கல் அடுக்கிய ஒரே ஒரு வட்டம். அதற்கு வெளியே தீக்குச்சி கிழிக்கவும் விடமாட்டார். வறட்சி மாதங்களில் அந்தப் பக்கத்துப் பத்தனைப் புல்வெளிகள் எரிந்துபோவதைப் பார்த்தவர் அவர்.

அங்கே ஒவ்வொரு வருடமும் போக எங்களால் முடியாது. வான் கூலி மட்டுமே பல குடும்பங்களுக்கு ஒரு மாதச் சாமான் காசு. கடற்றொழிலும் கூலி வேலையும் செய்யும் பெற்றோரிடம் அதைக் கேட்க வாய் வரவில்லை. இவ்வளவு தூரம் போய்க் காண்பதற்கு எங்களிடம் மலையும் காடும் இல்லையா?

கிரானால் இறங்கிப் புலிபாய்ந்தகல் தாண்டிப் போகிறவர்களுக்குத் தெரியும், வட்டைவெளி முடிந்து காடு தொடங்கும் இடத்தில் இருந்தே குடும்பிமலை முன்னால் நிற்கும். பாலை, வீரை, முதிரை, கருங்காலி என்று உலர்வலயக் காட்டின் மரங்கள் எல்லாம் அங்கே பார்க்கலாம். 2007 ஜூலைச் சண்டையோடு தொப்பிகல என்ற பெயரில் நாடு முழுக்கத் தெரிந்த மலை, எங்கள் பிள்ளைகளில் அநேகருக்கு இன்னும் செய்திப் படத்தில் பார்த்த மலைதான். காட்டுக்குள் போக விடமாட்டோம், மிதிவெடி இருக்கும் என்று சொல்லும் பெற்றோர் இன்றும் இருக்கிறார்கள். மட்டக்களப்பு மாவட்டம் கண்ணிவெடியற்றது என்று 2017இலேயே அறிவிக்கப்பட்டது. அதைச் சொன்னாலும் அவர்கள் முகம் தெளிவதில்லை. பட்ட பயம் அப்படி. அங்கே முறையான ஒரு தளமும், அதற்கொரு வேலியும் வாசலும் இருந்தால், அந்தத் தாய்மாரில் பாதிப் பேராவது சம்மதிப்பார்கள் என்று நம்புகிறேன்.

பகல் பயணமாக ஒரு தடவை பிள்ளைகளைக் கூட்டிப்போனோம். அடிவாரத்து மரநிழல் எல்லாம் உடைந்த சாராயப் போத்தலும் சோற்றுப் பொலித்தீனும். உட்கார இடம் தேடி, கையுறை போட்டு ஒரு மூலையைத் துப்புரவாக்கித்தான் சாப்பிட்டோம். பெண்பிள்ளைகள் ஒதுங்க இடமில்லை. காலையில் இருந்து தண்ணீர் குடிக்காமல் இருந்த பிள்ளைகள் பலர். ஏன் குடிக்கவில்லை என்று கேட்டேன். "குடிச்சா போகவேணும் ரீச்சர், எங்க போற?" என்றாள் ஒருத்தி. சுட்டெரிக்கும் கச்சான் வெயிலில் மலையேறப் போகும் பிள்ளை தண்ணீர் குடிக்கப் பயப்படுகிறாள். சுற்றுலா வளர்ச்சி என்று மேடைகளில் பேசுகிறவர்கள் முதலில் இதைத் தீர்த்துத் தரட்டும்.

காட்டில் தங்குவது நமது சனத்துக்கு ஒன்றும் புதிதில்லை. தாந்தாமலை முருகன் திருவிழாவுக்கு உழவு இயந்திரப் பெட்டியில் பானை சட்டியோடு போய் மரத்தடியில் நாள்கணக்காக இருந்தவர்கள் எங்கள் அம்மம்மாமார். உகந்தையில் இருந்து குமுக்கன் ஆறு கடந்து யால காட்டுக்குள்ளால் கதிர்காமம் நடப்பவர்கள் இன்றும் ஆற்றங்கரை மணலில்தான் படுக்கிறார்கள். பயபக்தியோடு போவார்கள், கூட்டமாகப் படுப்பார்கள், விறகை அணைத்துவிட்டுப் போவார்கள். அந்தப் பழக்கத்தை இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குக் கொடுக்கத்தான் ஓரிடம் கேட்கிறோம்.

இடம் பார்ப்பதை மேசையில் இருந்து செய்யக்கூடாது. குடும்பிமலைப் பக்கம் மாடு மேய்க்கும் பட்டிக்காரரைக் கூட்டிப்போய்க் கேளுங்கள். யானை எந்தத் தடத்தால் குளத்துக்கு இறங்கும், எந்த ஓடை ஆவணியில் வற்றும், பாலைப்பழக் காலத்தில் கரடி எந்தப் பக்கம் திரியும் என்பது அவர்களுக்குத்தான் தெரியும். மேய்ச்சல் தரைக்காக அவர்கள் பட்ட பாடு இந்தப் பத்திரிகை வாசகர்களுக்குத் தெரிந்ததே. அவர்களுடைய மேய்ச்சல் நிலத்தில் ஒரு பாகத்தையும் இந்தத் தளத்துக்காக எடுக்கவேண்டாம். யானைத் தடத்தை மறித்து எதையும் கட்டவும் வேண்டாம். மறித்தால் முதல் மாதத்திலேயே அது மண்ணோடு மண்ணாகும். தளத்தைச் சுற்றி மின்வேலி, நடுவே குழாய்க்கிணறு, சாப்பாட்டுச் சாமான் வைக்கக் கூடாரங்களுக்குத் தள்ளி ஒரு கல் அறை. பழமும் உப்பும் கூடாரத்துக்குள் இருந்தால் யானை மணம் பிடித்து வந்துவிடும் என்று பரணில் காவல் இருக்கும் எந்த விவசாயியும் சொல்வார். காவலாளி வேலை பட்டிக்காரர் வீட்டுப் பிள்ளைகளுக்கே போகவேண்டும், அவர்களில் ஒரு பெண்ணும் இருக்கவேண்டும். தயிரும் தேனும் அவர்கள் வீட்டில் இருந்தே வாங்கலாம். பாம்பு கடித்தால் வாழைச்சேனை ஆதார வைத்தியசாலைக்குக் கொண்டுபோக இரவிலும் ஒரு வாகனம் நிற்கவேண்டும். அது இல்லாவிட்டால் நான் ஒரு பிள்ளையையும் கூட்டிப்போகமாட்டேன்.

இதைக் கேட்டு ஒரு கடிதத்தோடு நான் அலைந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மரம் ஒரு திணைக்களம், விலங்கு இன்னொரு திணைக்களம், வீதி வேறொருவர், குப்பை வேறொருவர். ஓர் அலுவலகத்தில் காலையில் இருந்து வாங்கில் இருத்திவிட்டு, இது எங்கள் பொறுப்பில்லை என்று அனுப்பினார்கள். அவர்கள் காட்டிய அடுத்த அலுவலகத்தில், முதலீட்டாளர் ஒருவர் வந்தால் பார்க்கலாம் என்றார் ஒருவர். முதலீட்டாளர் வந்தால் ஒரு இரவுக்கு எவ்வளவு கேட்பார்? பாசிக்குடாவில் நல்ல ஹோட்டல்கள் இருக்கின்றன. அங்கே எங்கள் பிள்ளைகள் வாசலால்கூடப் போவதில்லை. குடும்பிமலையும் அப்படி ஆகிவிடுமோ என்பதுதான் என் பயம். அதனால்தான் அரச கையில், சின்னதாக, இருக்கட்டும் என்று கேட்கிறேன். தலைக்கு இவ்வளவு என்று பாடசாலைப் பிள்ளைகளுக்குக் குறைந்த கட்டணம், வெளியூர்க்காரருக்குக் கூடிய கட்டணம். மேடைகள் நிறைந்தால் வாசலை மூடவேண்டும், வருகிறவர் யாராக இருந்தாலும்.

மாவட்டச் செயலாளர் அவர்கள் சம்பந்தப்பட்ட திணைக்களங்களையும் கிரான் பிரதேச செயலகத்தையும் பிரதேச சபையையும் ஒரே மேசையில் இருத்தினால், இதற்கு ஒரு கூட்டம் போதும். பட்டிக்காரர் சார்பில் இரண்டு பேரையும், சாரணர், சாரணியர் பொறுப்பாசிரியர்களையும் அழையுங்கள். கூப்பிட்டால் லீவு போட்டுவிட்டு வருகிறேன். மாரி தொடங்கிவிட்டால் கிரான், புலிபாய்ந்தகல் வீதி வெள்ளத்துக்குள் போய், வள்ளத்தில்தான் அக்கரை போகலாம். இடம் பார்க்கவும் முடியாது. ஆகவே ஐப்பசி மழைக்கு முன்னர் நிலத்தைத் தெரிவுசெய்து எல்லைக்கல் போட்டால், மாசியில் வீதி காய்ந்ததும் வேலை தொடங்கலாம். வரும் சித்திரை விடுமுறைக்கு மலசலகூடமும் குழாய்க்கிணறும் மட்டும் முடிந்திருந்தாலும், கூடாரத்தை நாங்கள் கொண்டுவருவோம்.

இப்படிக்கு,
சாரணியர் குழுப் பொறுப்பாசிரியை ஒருவர்,
செங்கலடி.