மாரிஷோவை விட்டுவிட்டீர்களே!

ஆசிரியருக்கு,

கரீபியன் கடலின் மேற்கிந்தியத் தீவுகளை ஒரே நாடாக இணைக்க நடந்த கூட்டமைப்பு முயற்சி பற்றிய தங்கள் கட்டுரை படித்தேன். பிரதமர்கள் பெயரெல்லாம் வந்தன. அத்தீவுகளில் ஒன்றான கிரெனடாவின் பத்திரிகையாளர் டி. ஆல்பர்ட் மாரிஷோவைக் காணோம். ‘கூட்டமைப்பின் தந்தை’ என்று கரீபியன் மக்கள் சொல்வது அவரைத்தான். 1915-இல் ‘தி வெஸ்ட் இண்டியன்’ நாளிதழைத் தொடங்கி, மேற்கிந்தியத் தீவுகள் மேற்கிந்தியர்களுக்கே என்ற முழக்கத்தோடு 40 ஆண்டுகளுக்கு மேல் இதே பேச்சாக இருந்தவர். 1958 ஜனவரியில் 10 தீவுப் பகுதிகள் கூட்டமைப்பாகச் சேர்ந்தபோது அதன் மேலவையான செனட்டில் அமர்ந்தார். அதே ஆண்டு அக்டோபரில் இறந்தார். 1961-இல் ஜமைக்கா மக்கள் வாக்களித்து விலக, மறு ஆண்டே எல்லாம் கலைந்தது. அதைப் பார்க்க அவர் இல்லாததும் ஒருவகையில் நல்லதுதான்.

அரசுகள் பிரிந்ததால் அவர் தோற்றார் என்று நான் நினைக்கவில்லை. வகுப்பில் உலக வரைபடத்தை விரித்தபோது ஒரு மாணவன், “சார், வெஸ்ட் இண்டீஸ் டீம் ஆடுதே, அந்த நாடு எங்கே?” என்று கேட்டான். இல்லாத நாட்டுக்கு ஓர் அணி இன்றும் இருக்கிறதே! அடுத்த உலகக் கோப்பைச் சிறப்பிதழிலாவது மாரிஷோவுக்கு அரைப் பக்கம் ஒதுக்குங்கள்.

– ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியர், தஞ்சாவூர்