சொத்து விற்ற பணம் லாபக் கணக்கில் சேருமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

எந்தக் கால்பந்து கிளப் பணக்கார கிளப், எதற்கு எவ்வளவு லாபம் என்ற பட்டியல்கள் விளையாட்டுப் பக்கங்களில் அடிக்கடி வருகின்றன. நான் பதினொன்றாம் வகுப்புக்குக் கணக்குப்பதிவியல் நடத்துகிறேன். செல்சி, ஆர்சனல் என்று உயிரை விடுகிற மாணவர்கள் அந்தப் பட்டியலை அப்படியே நம்பிவிடுகிறார்கள். லாபம் எங்கிருந்து வந்தது என்பதையும் சேர்த்து அச்சிடுங்கள் என்று கேட்கத்தான் இந்தக் கடிதம்.

2023-24 நிதியாண்டில் செல்சி காட்டிய லாபம், வரிக்கு முன், 12.84 கோடி பவுண்டு. அதே ஆண்டில்தான் அது தன் பெண்கள் அணியைத் தன் தாய் நிறுவனத்துக்கே விற்று, சுமார் 20 கோடி பவுண்டை லாபத்தில் சேர்த்தது. அதைக் கழித்தால் மிஞ்சுவது ஏறத்தாழ 7 கோடி நஷ்டம்! முந்தைய ஆண்டில் இரண்டு ஹோட்டல்களையும் இப்படித்தான் தன் குழும நிறுவனத்துக்கு 7.65 கோடிக்கு விற்றது. இங்கிலாந்தின் முதல்நிலைப் போட்டித் தொடரான பிரீமியர் லீக்கின் விதி இதைத் தடுக்கவில்லை. ஐரோப்பியக் கால்பந்து அமைப்பான யுஇஎஃப்ஏ இந்த விற்பனைகளை ஏற்காமல், 2025 ஜூலையில் 3.1 கோடி யூரோ அபராதம் போட்டது. மூலதன வரவையும் (சொத்து விற்பது போன்றது) வருவாயின வரவையும் (அன்றாடத் தொழிலில் வருவது) கலக்கக் கூடாது என்பது நாங்கள் தொடக்கத்திலேயே சொல்லித்தரும் பாடம்.

டெர்பி கவுன்டி என்ற கிளப்பில் நடந்தது இன்னும் வேதனை. 1972, 1975 இரண்டிலும் இங்கிலாந்தின் சாம்பியன் அது. 2018இல் தன் பிரைட் பார்க் மைதானத்தை, அன்றைய உரிமையாளர் மெல் மோரிஸின் வேறொரு நிறுவனத்துக்கு 8.11 கோடி பவுண்டுக்கு விற்று, அந்த ஆண்டு 1.46 கோடி லாபம் என்று காட்டினார்கள். அப்புறம் ஆண்டுக் கணக்கு தாக்கலாவதே நின்றுபோனது. வீரரை வாங்கிய விலையை ஒப்பந்த ஆண்டுகளுக்குச் சமமாகப் பிரித்து எழுதுவதுதான் வழக்கம்: 5 கோடிக்கு வாங்கி 5 ஆண்டு ஒப்பந்தம் என்றால் ஆண்டுக்கு 1 கோடி செலவு. டெர்பியோ வீரருக்கு ஓர் இறுதி மதிப்பு (பின்னால் விற்றால் கிடைக்கும் என்று மதிப்பிட்ட விலை) வைத்து, செலவின் பெரும்பகுதியைக் கடைசி ஆண்டுகளுக்குத் தள்ளியது. கணக்கு விதிகளை மீறியதற்கு லீக் பட்டியலில் 9 புள்ளிகள், 2021 செப்டம்பரில் திவால் நிர்வாகத்துக்குப் போனதற்கு 12 புள்ளிகள், ஆக 21 புள்ளிகளை இழந்து மூன்றாம் நிலை லீக்குக்கு இறங்கியது. கணக்கு எழுதியது நிர்வாகம். தண்டனை அனுபவித்தது வீரர்களும் அந்த ஊர் ரசிகர்களும். எனக்கு இன்றும் ஆறவில்லை.

இங்கிலாந்து கிளப்புகளின் கணக்குகளைக் அந்நாட்டு நிறுவனப் பதிவு அலுவலகமான கம்பெனிஸ் ஹவுஸின் இணையதளத்தில் யாரும் இலவசமாகப் பார்க்கலாம். ஆனால் அப்படியே பக்கத்தில் வைத்து ஒப்பிட முடியாது. ஆர்சனலுக்கு ஆண்டு முடிவது மே 31, மான்செஸ்டர் யுனைடெடுக்கு ஜூன் 30. ஜெர்மனியில் லீக் அமைப்பே கிளப்புகளின் வருமானம், சம்பளம் போன்றவற்றை ஒரே படிவத்தில் ஆண்டுதோறும் வெளியிடுகிறது. இங்கிலாந்திலும் அது வேண்டும்.

அதுவரை உங்கள் பட்டியலிலாவது சம்பளம் வருமானத்தில் எத்தனை சதவீதம், உரிமையாளர் கொடுத்த கடன் எவ்வளவு என்று போடுங்கள். அவ்வளவுக்கு இடமில்லை என்றால், ஒவ்வொரு கிளப்புக்கும் சொத்து விற்பனை நீங்கலான லாப நஷ்டத்தை மட்டுமாவது தனியாகக் கொடுங்கள்.

இப்படிக்கு,
வணிகவியல் ஆசிரியை,
தூத்துக்குடி