மாமரத்து வண்டும் பீரோ வண்டும்

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதமும் படங்களும் கிடைத்தன. தங்கச்சி முழங்கால் வலி குறைந்து மறுபடி நடக்க ஆரம்பித்துவிட்டாள் என்று படித்ததும் மனசு லேசாகிவிட்டது. இங்கே எல்லோரும் நலம். பெரியவள் வேலை மாறியிருக்கிறாள். பேரன் பேசத் தொடங்கிவிட்டான், வாய் ஓய்வதே இல்லை. எனக்குத் தோட்டமும் மரவேலையுமாகப் பொழுது போகிறது. கண்ணாடியை மாற்றிய பிறகு நுணுக்கமான வேலையும் பழையபடி வருகிறது.

சரி, உன் கவலைக்கு வருகிறேன். மாமரத்தில் விழுந்த வண்டுதான் வீட்டுக்குள் புகுந்து அப்பாவின் பீரோவிலும் ஏறிவிட்டதோ என்று கேட்டிருக்கிறாய். இல்லை. இரண்டும் வெவ்வேறு பூச்சிகள். மாமரத்தைக் குடைகிற பூச்சிக்கு ஈரம் ஓடுகிற உயிர்மரம் வேண்டும். பீரோவை அரிக்கிற பூச்சிக்குக் காய்ந்த கட்டை வேண்டும். ஒன்றின் இடத்தில் மற்றது குடித்தனம் நடத்தாது. மரத்தை வெட்டினால் பீரோ தப்பிக்கும் என்று உன் பையன் சொல்வதில் ஒரு நியாயமும் இல்லை. தயவுசெய்து மரத்தில் கோடாலி வைக்க விடாதே.

இரண்டிலும் ஓட்டை தெரிகிறது, இரண்டிலும் பொடி கொட்டுகிறது, அதனால்தான் குழப்பம். மாமரத்தில் பொடி தள்ளிக்கொண்டிருக்கும் ஓட்டை என்றால் உள்ளே புழு இருக்கிறது, இன்றைக்கும் தின்றுகொண்டிருக்கிறது. பீரோவில் நீ பார்க்கும் ஓட்டையோ, வண்டு வளர்ந்து வெளியே போன வழி. அந்த ஓட்டையைப் போட்ட பூச்சி அங்கே இல்லை. மரத்தில் ஓட்டைக்குள் வேலை செய்ய வேண்டும். பீரோவில் ஓட்டை இல்லாத இடத்தைப் பற்றித்தான் யோசிக்க வேண்டும்.

மரத்தை முதலில் பார், அதற்குத்தான் அவசரம். தூருக்குச் சற்று மேலே பட்டை கருத்து ஈரம் கசிகிறது, கீழே நார் கலந்த பொடி குவிந்திருக்கிறது, ஒரு பக்கத்துக் கிளை மட்டும் இலை பழுத்து உதிர்கிறது. இது தண்டுத் துளைப்பான் வேலைதான். பாட்டோசெரா ரூஃபோமாகுலேட்டா என்று அதற்கு அறிவியல் பெயர். சாம்பலும் பழுப்புமான பெரிய வண்டு, இரண்டு அங்குலம் வரை இருக்கும், உடம்பைவிட நீளமான உணர்கொம்புகள். மா மட்டுமில்லை, பலாவையும் அத்தியையும் கூட விடாது. தாய் வண்டு தாடையால் பட்டையைக் கீறி அந்தக் கீறலுக்குள் முட்டை வைக்கும். பொரிந்த புழு முதலில் பட்டைக்கு அடியிலேயே தின்னும். மரம் தன் இலையில் தயாரித்த உணவை வேருக்கு அனுப்புவது அந்த மெல்லிய அடுக்கு வழியாகத்தான், அதனால் சேதத்தில் பாதி அப்போதே நடந்துவிடுகிறது. வளர வளரப் புழு கட்டைக்குள் இறங்கும். முட்டையிலிருந்து வண்டாக ஏறக்குறைய ஒரு வருஷம் ஆகும். அவ்வளவு காலமும் ஒரே மரத்துக்குள் கிடப்பதால் நமக்கும் அதைப் பிடிக்க அவகாசம் இருக்கிறது.

எப்படிப் பிடிப்பது என்று சொல்கிறேன். கசிகிற இடத்தைச் சுற்றி உளுத்த பட்டையைக் கூர்மையான கத்தியால் சீவி எடு. நல்ல பட்டை வந்ததும் நிறுத்திவிடு, மேலே போகாதே. ஈரப்பொடி அடைத்த துளை ஒன்று கண்ணில் படும். பைக்கின் கிளட்ச் ஒயர் மாதிரி வளைந்து கொடுக்கும் கம்பி ஒன்றை எடுத்து நுனியைச் சின்னக் கொக்கியாக மடக்கிக்கொள். துளைக்குள் மெதுவாகச் செலுத்து. முதலில் பொடிதான் வரும், பழுப்பாக, புளித்த வாடையோடு. அதை இழுத்துத் தள்ளிக்கொண்டே போனால் கம்பி ஓரிடத்தில் மெத்தென்று முட்டும். கட்டையில் முட்டினால் கையில் கடினமாகத் தெரியும், புழுவில் முட்டினால் அமுங்கும். அங்கே கம்பியைத் திருகி இழு. கால் இல்லாத, வெளிறிய மஞ்சள் நிறப் புழு, முற்றியிருந்தால் விரல் தடிமன் இருக்கும், தலை மட்டும் கறுப்பாகக் கெட்டியாக இருக்கும். முழுசாக வராவிட்டாலும் கவலையில்லை. கம்பி நுனியில் வெள்ளையாகக் கூழ் ஒட்டியிருந்தால் வேலை முடிந்தது.

அப்புறம் துளைக்குள் பெட்ரோல், மண்ணெண்ணெய், கிடைத்த பூச்சிமருந்து என்று ஊற்றுகிற பழக்கம் எனக்குக் கொஞ்சமும் பிடிக்காது. பழம் தரும் மரம் அது. உயிருள்ள திசுவை எண்ணெய் கொன்றுவிடும், காயம் ஆறவே ஆறாது. எதை ஊற்றினோம் என்று தெரியாமல் அதன் காயைக் குழந்தைகளுக்குக் கொடுப்பதும் தப்பு. கம்பி எட்டாத ஆழம் என்றால் பிவேரியா பாசியானா என்ற பூஞ்சாணமோ, ஸ்டெய்னர்நீமா என்ற நுண்புழுவோ இருக்கிறது. தண்ணீரில் கலந்து ஊசியில்லாத சிரிஞ்சால் துளைக்குள் ஏற்றி ஈரக் களிமண்ணால் அடைக்கலாம். இரண்டும் புழுவின் உடம்பிலேயே வளர்ந்து அதைக் கொல்லும். துளைக்குள் ஈரம் இருப்பது அவற்றுக்கு நல்லது. ரசாயனம்தான் வேண்டும் என்ற நிலை வந்தால், அந்தப் பயிருக்கு, அந்தப் பூச்சிக்கு என்று லேபிளில் அச்சிட்டிருப்பதை மட்டும் வாங்கு. அறுவடைக்கு எத்தனை நாள் முன்பு நிறுத்த வேண்டும் என்பதையும் படித்துவிடு.

சீவிய காயத்துக்குப் போர்டோ பசை தடவு. மயில்துத்தம் 1 கிலோ, சுண்ணாம்பு 1 கிலோ, தண்ணீர் 10 லிட்டர் என்பது கணக்கு. உனக்கு இதில் பத்தில் ஒரு பங்கு போதும். தண்ணீரைப் பாதி பாதியாகப் பிரித்து இரண்டையும் தனித்தனியாகக் கரைத்துப் பிறகு சேர். இரும்புப் பாத்திரம் ஆகாது, பிளாஸ்டிக் வாளி எடுத்துக்கொள். பசை பூஞ்சாணத்தைத் தடுக்கத்தானே தவிர உள்ளே இருக்கும் புழுவைக் கொல்லாது. அதனால் புழுவை எடுக்காமல் மேலே பூசி மூடிவிடாதே.

காய்ந்த கிளையைப் பச்சை தெரியும் இடம் வரை கவாத்து செய்துவிடு. வெட்டியதை மரத்தடியிலேயே போட்டு வைத்தால் உள்ளே இருக்கும் புழு அங்கேயே வளர்ந்து வண்டாகிப் பக்கத்து மரத்தில் ஏறும். உடனே எரித்துவிடு, அல்லது மெல்லிய சில்லுகளாக அரைத்துவிடு. விறகாக்கி இன்னொருவர் தோட்டத்துக்குக் கொடுத்து அனுப்பவும் வேண்டாம்.

மாதுளையில் குண்டூசி அளவு ஓட்டைகள் நிறைய இருப்பதாக எழுதியிருந்தாய். அது வேறு ஜாதி, ஆம்புரோசியா வண்டு. எனக்கு அதன் வாழ்க்கைமுறை மேல் தனி ஆச்சரியம். இந்த வண்டு கட்டையைத் தின்பதே இல்லை. தன் உடம்பில் ஒரு பூஞ்சாணத்தைச் சுமந்து வந்து, துளைக்குள் அதைப் பயிரிட்டு, அந்தப் பயிரைத்தான் குடும்பத்தோடு தின்கிறது. மரத்தைக் கெடுப்பதில் பூஞ்சாணத்துக்கும் பெரிய பங்கு உண்டு. வேரில் தண்ணீர் தேங்கி மூச்சுத் திணறுகிற மரம் எத்தனால் என்ற சாராயத்தை வெளிவிடும், அந்த வாடைக்குத்தான் இந்த வண்டு தேடி வருகிறது. அதனால் மாதுளைக்கு மருந்தைவிட முதலில் வடிகால் வெட்டு. ஓட்டை மிகுந்த தண்டு பிழைப்பது சிரமம், தூரோடு எடுத்துவிட்டு மற்றதைக் காப்பாற்று. புதிதாக நட்ட கன்றுகளின் தண்டுக்கு வெயில் படும் பக்கத்தில் சுண்ணாம்பு அடித்து வை. வெயிலில் வெந்து வெடித்த பட்டையைத் தேடி முட்டை வைக்கும் வண்டுகளும் உண்டு.

இனி பீரோ. அப்பா அந்தப் பீரோ முன்னால் நின்று தலை சீவுவது இன்னும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. அதைத் தூக்கிப் போடச் சொல்பவர்களுக்குக் காது கொடுக்காதே. பொடியைக் கொஞ்சம் இரண்டு விரலுக்கு நடுவில் வைத்துத் தேய்த்துப் பார். முகப்பவுடர் மாதிரி வழவழவென்று இருந்தால் லிக்டஸ் என்ற வண்டு. சன்னமான மணல்போல் நறநறவென்றால் அனோபியம். இரண்டின் ஓட்டையும் 1 முதல் 2 மில்லிமீட்டர்தான், கண்ணால் பிரிப்பது கஷ்டம், விரல் சொல்லிவிடும். பொடிக்குப் பதிலாகக் கடுகு மாதிரி தனித்தனி மணிகளாக, ஆறு பக்கமும் குழிந்து இருந்தால் அது வண்டே இல்லை, உலர்கட்டைக் கரையான். அப்படியென்றால் உடனே எனக்கு எழுது, அதற்கு வைத்தியம் வேறு.

லிக்டஸுக்கு மாவுச்சத்து வேண்டும். வைரம் பாய்ந்த பகுதியில் அது கிடைக்காது, வைரத்தைச் சுற்றியுள்ள வெளிறிய கட்டையில்தான் கிடைக்கும். வருஷம் போகப் போக அந்தச் சத்தும் குறைந்துவிடும். ஆகவே அப்பா காலத்துப் பீரோவில் லிக்டஸ் புதிதாகப் பிடிக்க வாய்ப்புக் குறைவு. பின்பலகையை இடையில் யாராவது புதுசாக மாற்றியிருந்தால் அங்கே பார். அனோபியம் வயதான கட்டையிலும் இருக்கும். அதற்குத் தேவை ஈரம். புழு உள்ளேயே இரண்டிலிருந்து ஐந்து வருஷம் வரைகூடக் கிடக்கும். கட்டையின் ஈரம் 12 சதவீதத்துக்குக் கீழே போனால் அதற்குப் பிழைப்பு நடத்துவது கடினம். பீரோவை ஈரச்சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்துக் காற்று போக விடுவதே இங்கே பாதி மருந்து.

எதுவும் பூசுவதற்கு முன்பு பூச்சி இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள வேண்டும். பழைய ஓட்டையிலிருந்தும் தட்டினால் பொடி கொட்டும், அதைப் பார்த்து ஏமாறக் கூடாது. வேக்குவம் வைத்து எல்லாப் பொடியையும் உறிஞ்சி எடு. ஓட்டைகளை மரநிற மெழுகால் அடை. கீழே கறுப்புக் காகிதம் விரித்துத் தேதி எழுதி வை. மெழுகடைத்த ஓட்டைகளுக்கு நடுவே புதிதாக ஒன்று திறந்திருந்தால், விளிம்பு கூர்மையாகவும் உள்ளே வெளிறியும் இருந்தால், காகிதத்தில் புதுப்பொடி விழுந்திருந்தால், அப்போது மருந்து. ஜன்னல் விளிம்பில் சின்னப் பழுப்பு வண்டுகள் செத்துக் கிடக்கின்றனவா என்றும் பார்த்துக்கொள். வெளிவந்த வண்டு வெளிச்சத்துக்குத்தான் பறக்கும். வண்டு வெளிவரும் பருவம் ஒன்று முழுசாகக் கடந்தும் ஒன்றுமில்லை என்றால் பீரோவுக்கு ஒரு வைத்தியமும் வேண்டாம்.

மருந்து தேவைப்பட்டால் போரேட் என்ற போரான் உப்புக் கரைசல் வாங்கு. வார்னிஷ் இருக்கும் முகத்தில் பூசினால் மேலேயே வழிந்துவிடும், உள்ளே இறங்காது. அதனால் பின்பலகை, அடிப்பக்கம், இழுப்பறைகளின் உட்பக்கம் என்று பாலிஷ் படாத இடமெல்லாம் தூரிகையால் இரண்டு தடவை பூசி ஊற விடு. கையுறை போட்டுக்கொள், காய்ந்த பிறகு துணி வை. ஆழத்தில் கிடக்கும் புழுவுக்கு இது உடனே எட்டாது. மேற்பரப்பை நோக்கிக் குடைந்து வரும்போதுதான் சாகும். அதனால் பூசிய பிறகும் சில ஓட்டைகள் திறக்கலாம், பதறாதே. புது வார்னிஷ் அடிப்பதும் நல்ல காவல்தான், ஏனென்றால் தாய் வண்டுக்கு முட்டை வைக்க மூடாத கட்டையின் நுண்துளைகளும் விரிசல்களும் வேண்டும். நச்சுவாயு அடைத்துக் கொல்வது இந்த ஒரு பீரோவுக்கு அவசியமே இல்லை. அது அன்றைக்கு இருக்கும் பூச்சியைக் கொல்லுமே தவிர நாளைக்கு வருவதைத் தடுக்காது.

தங்கச்சியின் மரச்சிமிழ், பொம்மை மாதிரிச் சின்னச் சாமான்களுக்கு இன்னும் எளிய வழி இருக்கிறது. பாலித்தீனில் காற்றில்லாமல் இறுகச் சுற்றி டீப் ஃப்ரீசரில், மைனஸ் 18 டிகிரியில், இரண்டு வாரம் வை. வெளியே எடுத்ததும் பிரிக்காதே. அறைச் சூட்டுக்கு வந்த பிறகு பிரித்தால் நீர்த்துளி பாலித்தீன் மேலேயே நின்றுவிடும், கட்டையில் படாது. பீரோவை மட்டும் கறுப்புப் பிளாஸ்டிக்கில் சுற்றி வெயிலில் போடாதே. கட்டையின் நடு வரைக்கும் சூடு ஏறுவதற்குள் பலகை வளைந்து மூட்டு விட்டுவிடும்.

கடைசியாக, உன் பையன் சரக்குப் பெட்டிப் பலகையில் புத்தக அலமாரி செய்யப்போவதாக எழுதியிருந்தாய். பலகையில் சுட்ட முத்திரையைப் பார்க்கச் சொல். எச்.டி. என்றிருந்தால் கட்டையின் நடுப்பகுதி 56 டிகிரியில் 30 நிமிடம் சூடேறியிருக்கிறது என்று பொருள், தாராளமாக எடுக்கலாம். எம்.பி. என்றிருந்தால் மெத்தில் புரோமைடு என்ற நச்சுவாயு காட்டியது, அதை வீட்டுக்குள் கொண்டுவர வேண்டாம். சூடேற்றிய பலகையும் உள்ளே இருந்த பூச்சியைத்தான் ஒழித்திருக்கும், பின்னால் லிக்டஸ் வராது என்று உத்தரவாதம் இல்லை. அதனால் அலமாரியை முடித்ததும் எல்லாப் பக்கமும் வார்னிஷ் அடிக்கட்டும், சுவரைப் பார்க்கும் பின்பக்கம் உட்பட.

கம்பி வைத்து எடுத்தது எத்தனை புழு, பொடி விரலில் எப்படி இருந்தது, இரண்டையும் அடுத்த கடிதத்தில் எழுது. மாமரத்தின் மறுபக்கத்தையும் ஒரு படம் எடுத்து அனுப்பு, நீ அனுப்பியதில் அந்தப் பக்கம் தெரியவில்லை. பட்டை அங்கே முழுசாக இருந்தால் மரம் நிச்சயம் தேறிவிடும்.

தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பைச் சொல்.

உன்,
ராஜேந்திரன்