செயலாளர் ஆண்டறிக்கை: நிலம் வாங்கியாயிற்று, பலகைக்குப் பணம் எங்கே?

தலைவர் அவர்களே, செயற்குழு நண்பர்களே, உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

இந்த ஆண்டு செயற்குழு 11 முறை கூடியது. கணக்குத் தணிக்கை முடிந்துவிட்டது, வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். ஞாயிறு காலை நடை, பறவை பார்த்தல், பிள்ளைகளுக்கு மரங்களை அறிமுகம் செய்யும் நடை எல்லாம் மழை வாரங்கள் நீங்கலாகத் தவறாமல் நடந்தன. நடத்தித் தந்தவர்களுக்கு நன்றி. மற்றபடி இந்த ஆண்டு நம் நேரத்தில் பெரும்பகுதி ஒரே விஷயத்துக்குத்தான் போனது. அறிக்கையிலும் அதற்கே இடம் கொடுக்கிறேன்.

ஓடையைக் கடக்கும் மரப்பாலத்தில், நுழைவாயில் பக்கத்திலிருந்து மூன்றாவது பலகை. ஆணியைச் சுற்றி மரம் கறுத்துப்போய், விரலை வைத்தால் ஈரத் தூளாக உதிர்கிறது. நம் மூத்த உறுப்பினர் ஒருவர் தினமும் அங்கே வந்ததும் நின்று, கைத்தடியால் அந்தப் பலகையை இரண்டு தட்டு தட்டிப் பார்த்துவிட்டு, அதை மிதிக்காமல் அடுத்ததில் கால் வைக்கிறார். சக்கர நாற்காலியில் வருபவர்கள் பாலத்தடியிலிருந்தே திரும்பிவிடுகிறார்கள். அக்கரையில்தான் காடு இருக்கிறது, நிழல் இருக்கிறது. அந்த நிலம் கட்டடங்களாகிவிடக் கூடாது, எல்லாரும் வந்து நடக்க வேண்டும் என்று சொல்லித்தான் வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கினோம். பொதுப்பணத்தில் நிலம் வாங்கப்பட்டது, பாதையும் பாலமும் போடப்பட்டன. திறப்பு விழா நடந்த நாள் இன்னும் நம் நினைவில் இருக்கிறது. அதன்பிறகு அந்தப் பாலத்துக்கென்று எந்தக் கணக்கிலிருந்தும் பணம் வந்ததில்லை.

அந்தப் பலகையை மாற்றப் பணம் கேட்டு இந்த ஆண்டு மூன்று முறை மனு கொடுத்தோம். பதில் வந்தது: மானியம் புதிய பணிகளுக்கு மட்டும், பராமரிப்புக்கு இந்தத் தலைப்பில் இடமில்லை. அலுவலகத்துக்கு நேரில் போனபோது அங்கிருந்தவர் மரியாதையாகவே பேசினார், விதியையும் எடுத்துக் காட்டினார். புதுப் பாலம் கட்ட விண்ணப்பிக்கலாம், இருக்கிற பாலத்தில் ஒரு பலகை மாற்ற விண்ணப்பிக்க முடியாது. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. தவறு அந்த மனிதரிடம் இல்லை, பணம் வரும் வழியிலேயே இருக்கிறது என்று அப்போதுதான் புரிந்தது.

சரி, மற்ற இடங்களில் இந்தப் பணம் எப்படி வருகிறது என்று பார்ப்போம் என நான்கு மாலைகள் உட்கார்ந்து படித்தோம். நம் சங்கத்தில் நடந்த கூட்டங்களிலேயே இவைதான் எனக்கு மிகவும் பிடித்தவை.

அமெரிக்காவில் நிலம், நீர்ப் பாதுகாப்பு நிதிக்கான சட்டம் 1964இல் வந்தது. அதன் பெரும்பங்கு கடலடியில் எண்ணெயும் எரிவாயுவும் எடுக்கும் நிறுவனங்கள் அரசுக்குக் கட்டும் தொகையிலிருந்து வருகிறது. தோண்டி எடுத்தால் தீர்ந்துபோகும் ஒரு பொதுச் சொத்திலிருந்து, தீராமல் காக்க வேண்டிய இன்னொரு பொதுச் சொத்துக்குப் பணம் என்பதுதான் எண்ணம். எண்ணெய்ப் பணத்தில் காடு காப்பதா என்று ஒரு உறுப்பினர் கேட்டார். கேட்க வேண்டிய கேள்விதான், அன்று முழு மாலையும் அதற்கே போனது. என் மனதில் தைத்தது வேறு. சட்டப்படி ஆண்டுக்கு 90 கோடி டாலர் வரை அந்த நிதிக்கு உரியது. ஆனால் எவ்வளவு செலவிடலாம் என்பதை ஒவ்வொரு ஆண்டும் நாடாளுமன்றம் தனியாக முடிவு செய்ய வேண்டியிருந்தது. முதல் 50 ஆண்டுகளுக்கு மேலாக, முழுத் தொகை கிடைத்தது இரண்டே முறை. மீதி வேறு செலவுகளுக்குப் போய்விட்டது. 2015இலும் 2018இலும் சட்டமே காலாவதியாகி நின்றது. 2019இல்தான் அதை நிரந்தரமாக்கினார்கள். முழுத் தொகையும் ஆண்டுதோறும் தானாக வந்து சேர வேண்டும் என்பது 2020இல்தான் சட்டமானது.

அதே 2020 சட்டத்தில் நம் பலகைக்கும் ஒரு பாடம் இருக்கிறது. அந்த நாட்டின் தேசியப் பூங்காக்களில் மட்டும், செய்யாமல் தள்ளிப்போட்ட பராமரிப்பு வேலைகளின் மதிப்பு ஏறத்தாழ 1,200 கோடி டாலரைத் தொட்டிருந்தது. சாலை, குடிநீர்க் குழாய், கழிப்பறை, பாலம் எல்லாம் அதில் அடக்கம். நிலம் வாங்கும் நிதியைத் தொடாமல், பழுதுபார்ப்புக்கென்றே தனி நிதி ஒன்றை 2021 முதல் ஐந்தாண்டுகளுக்கு ஏற்படுத்தினார்கள், ஆண்டுக்கு 190 கோடி டாலர் வரை. வாங்குவது ஒரு செலவு, காப்பது இன்னொரு செலவு, இரண்டுக்கும் தனித்தனிப் பெட்டி வேண்டும் என்று அவ்வளவு பெரிய நாடும் பட்டுத்தான் கற்றுக்கொண்டது.

அந்த 1964 சட்டத்தில் இன்னொரு பிரிவும் உண்டு. அந்த நிதியின் உதவியால் உருவான பூங்காவை வேறு பயனுக்கு மாற்ற வேண்டுமானால், மத்திய அரசின் ஒப்புதல் வேண்டும், அதற்கு ஈடான மதிப்பும் பயனும் உள்ள வேறு நிலத்தைப் பொதுமக்களுக்குக் கொடுக்க வேண்டும். பணத்தோடு ஒரு வாக்குறுதியும் நிலத்தின்மேல் ஏறி உட்கார்ந்துவிடுகிறது. நம் நிலப் பத்திரத்தில் அப்படி ஒரு வரி இல்லை. இதைக் கவனித்துச் சொன்னது நம் இளைய உறுப்பினர்தான், அவருக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும்.

மிசௌரி மாநிலத்தில் 1976இல் மக்களே வாக்களித்து, விற்பனை விலையில் ஒரு சதவீதத்தில் எட்டில் ஒரு பங்கை வரியாக்கி, அதைக் காட்டுயிர்களுக்கும் காடுகளுக்கும் ஒதுக்கினார்கள். 1984இல் பூங்காக்களுக்கும் மண் காப்புக்கும் சேர்த்து, அதேபோல ஒரு சதவீதத்தில் பத்தில் ஒரு பங்கு. இந்த இரண்டாவது வரி சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மக்களிடமே திரும்பி வருகிறது. 2016இல் ஏறத்தாழ 80 சதவீதம் பேர் வேண்டும் என்றே வாக்களித்தார்கள். மின்னசோட்டாவிலும் 2008இல் இப்படி ஒரு திருத்தம் வந்தது, 25 ஆண்டுகளுக்கு. அதில் 14.25 சதவீதம் பூங்காக்களுக்கும் நடைபாதைகளுக்கும் என்று அரசியல் சாசனத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். இப்படிப் பணத்தைக் கட்டிவைத்தால் நாளை அவசரத் தேவை வரும்போது அரசின் கை கட்டப்பட்டுவிடாதா என்று பொருளாளர் கேட்டார். நியாயமான பயம்தான். மிசௌரியைப் போல மக்களிடமே திரும்பத் திரும்பக் கேட்கும் ஏற்பாடுதான் அதற்குச் சரியான பதில் என்று நான் நினைக்கிறேன்.

பிரிட்டன் கதை எல்லாரையும் கொஞ்ச நேரம் பேசாமல் உட்கார வைத்தது. போருக்குப் பிறகு மிஞ்சிய தளவாடங்களை விற்ற பணத்தில் 1946இல் தேசிய நில நிதி என்று 5 கோடி பவுண்டு ஒதுக்கினார்கள். போரில் இறந்தவர்களின் நினைவாக, நாட்டின் அழகான இடங்கள் மக்களுக்கே சேர வேண்டும் என்பது நோக்கம். ஆனால் பணம் கருவூலத்தின் பிடியிலேயே இருந்தது, பெரும்பகுதி செலவாகவில்லை. 1957இல் அதை 1 கோடி பவுண்டாகக் குறைத்துவிட்டார்கள். நிதி என்று பெயர் வைத்தால் மட்டும் போதாது, அதை எடுத்துச் செலவழிக்கும் பொறுப்பும் உரிமையும் ஒருவரிடம் இருக்க வேண்டும்.

இதையெல்லாம் படித்தபின் நம் மனுவையே மாற்றி எழுதினோம். பலகைக்குப் பணம் கேட்பதை விட்டுவிட்டோம். பொதுப்பணத்தில் வாங்கிய ஒவ்வொரு திறந்தவெளிக்கும் பராமரிப்புக்கென்று தனிக் கணக்குத் தலைப்பு வேண்டும், அதற்கு நிலையான ஒரு வருவாயின் பங்கு ஆண்டுதோறும் தானாக வர வேண்டும், நிலத்தை மாற்றுப் பயனுக்கு விட்டால் ஈடு நிலம் தர வேண்டும் என்று மூன்று கோரிக்கைகள். மனு ஏற்கப்பட்டதற்கான ரசீது நம்மிடம் இருக்கிறது. பதில் இன்னும் வரவில்லை. இதைப் பொதுக்குழுவின் தீர்மானமாகவும் இன்று நிறைவேற்றித் தர வேண்டுகிறேன்.

அப்புறம் ஒரு வேண்டுகோள். பல மானியத் திட்டங்களில் அரசு பாதி கொடுத்தால் மறுபாதியை உள்ளூர் காட்ட வேண்டும். பணமாக இல்லாவிட்டாலும் தன்னார்வலர்களின் உழைப்பு நேரத்தை மதிப்பிட்டு ஏற்கும் திட்டங்களும் உண்டு. நாமோ இத்தனை ஆண்டுகளாகப் புதர் வெட்டியிருக்கிறோம், குப்பை அள்ளியிருக்கிறோம், பாதையில் மழை அரித்த இடங்களில் மண் போட்டிருக்கிறோம், ஒரு மணி நேரத்தைக்கூட எழுதி வைத்ததில்லை. செயலாளர் என்ற முறையில் இது என் குறை. இந்த மாதம் முதல் கருவிகள் வைக்கும் பெட்டியிலேயே ஒரு பதிவேடு இருக்கிறது. தேதி, வந்த நேரம், போன நேரம், செய்த வேலை, கையெழுத்து. மண்வெட்டியை எடுக்கும்போதே எழுதிவிடுங்கள்.

மூன்றாவது பலகையின் மேல் தற்காலிகமாக ஒரு தகடு அடித்திருக்கிறோம். நம் உறுப்பினர்கள் இருவர் சொந்தச் செலவில் செய்தது. மழையில் வழுக்கும், பிள்ளைகளைக் கையைப் பிடித்து அழைத்துப் போங்கள்.

இவ்வறிக்கையைப் பொதுக்குழு ஏற்றுத் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்