மிளகாய்த்தூளோட வாற கடிதம்

யாழ்ப்பாணம்,
தை மாதம்.

என்ரை ராசாவுக்கு,

அம்மா எழுதுறன். பெரியம்மான்ரை மூத்தவள் வாற கிழமை ரொறன்ரோவுக்குத் திரும்பிறாள், அவளிட்டைக் குடுத்துவிடுறன். போனில எண்டால் நீ "ஓம் அம்மா, ஓம் அம்மா" எண்டு வைச்சுப்போடுவாய்.

இஞ்ச வாடை இன்னும் விடேல்லை. விடியப்புறம் போர்வை தேவைப்படுது. இதெல்லாம் ஒரு குளிரோ எண்டு சிரிப்பாய். நீ நேரத்துக்குச் சாப்பிடுறியோ?

அங்க ஸ்னோ கொட்டத் தொடங்கினால் நீ எனக்குப் பாட்டு அனுப்பிறது வழக்கம். போன வருசம் மனோகரனின்ரை சுராங்கனி. மீன் கொண்டுவந்திருக்கெண்டு அந்தாள் பாட, அப்பா பையைத் தூக்கிக்கொண்டு சந்தைக்கு வெளிக்கிட்டிட்டார். அதுக்கு முதல் வருசம் நித்தி கனகரத்தினத்தின்ரை சின்ன மாமி. இந்தமுறை மார்கழி முழுக்க ஒண்டே ஒண்டுதான் வந்தது. எங்களுக்குப் பகல் ஒன்றரை, அப்ப உனக்குச் சாமம் 3 மணி. அதுவும் நீயே பாடினது. சோமசுந்தரப் புலவர் ஆடிப்பிறப்புக்குப் பாடினதை மார்கழியில என்னத்துக்குப் பாடுறாய்? "நாளை விடுதலை" எண்டதோட நிப்பாட்டிப்போட்டாய். பாட்டில வாற கூழுக்கே வரேல்லை.

நான் ஒண்டும் கேக்கேல்லை. நேரத்துக்குப் படு.

பின்னேரம் 5 மணிக்கு முந்தியே இருண்டுபோற ஊரில என்ரை பிள்ளை ரெண்டு வேலை செய்து வீடு வாங்கினவன் எண்டு கோயிலில எல்லாருக்கும் சொல்லுறனான். அம்மாவுக்கு ஒரு போன் எடுக்கத்தான் அவனுக்கு நேரமில்லை, அதை மட்டும் சொல்லுறேல்லை.

போன ஞாயிறு காரைநகர் கசூரினாக் கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போனாங்கள். எவ்வளவு தூரம் நடந்தாலும் தண்ணி முழங்காலுக்கு மேல வரேல்லை. பொடியள் பெரிய ஸ்பீக்கர் வைச்சு ஆட்டம். அவங்கள் நிப்பாட்டினாப்பிறகு சவுக்கு மரங்கள் இரைஞ்சது கேட்டுது, ஸ்டேஷன் பிடிபடாத ரேடியோ மாதிரி. எனக்கு அங்க இருக்க ஏலாமப் போச்சு.

தம்பி, உன்ரை சைக்கிள் டைனமோவை ஒருதரும் களவெடுக்கேல்லை. நான்தான் கழட்டினனான்.

92 எண்டு நினைக்கிறன். கரண்ட் இல்லை. நீ சைக்கிளைக் கவிட்டு வைச்சு, ஒரு கையால பெடலைச் சுத்திச் சுத்தி, டைனமோக் கரண்டில ரேடியோவை ஓடவிட்டுப் பாட்டுக் கேப்பாய். காரைநகர்ப் பக்கம் ஒருதரும் தலைகாட்ட ஏலாத காலம், நீ கண்ணை மூடிக்கொண்டு கடல் பாட்டுக் கேட்டாய். எனக்குக் குண்டு போடுற பொம்மர் வாற சத்தம் கேக்கவேணும். உன்ரை பாட்டுக்குள்ள அது கேக்காது. பங்கருக்குள்ள உன்னை இழுத்துக்கொண்டு ஓட எனக்கு அந்த ஒரு நிமிசம் வேணும். கழட்டி அரிசிப் பானைக்குள்ள தாட்டன்.

நீ மாமியின்ரை சின்னவனிலை சந்தேகப்பட்டாய். அவன் அழுதழுது சத்தியம் பண்ணினான். நான் குசினிக்குள்ள நிண்டு கேட்டுக்கொண்டுதான் நிண்டனான். அப்பாவும் பிபிசி கேக்க அடுத்த வீட்டுக்கு நடந்தார், அவருக்கும் சொல்லேல்லை. 95இல இடம்பெயர்ந்து வெளிக்கிடேக்கை பானையோட விட்டிட்டு வந்தன். திரும்பி வரப் பானையும் இல்லை. நீயும் மாமியின்ரை சின்னவனும் பிறகு ஒரு சொல் கதைச்சதில்லை.

அவன் இப்ப லண்டனில. நம்பர் அக்காட்டை இருக்கு. அம்மா சொன்னவ எண்டு சொல்லு. பாட்டு என்னெண்டாலும் அனுப்பு, சாமத்தில எண்டாலும் அனுப்பு. இப்ப எனக்கு வேறை சத்தம் ஒண்டும் கேக்கத் தேவையில்லை.

மிளகாய்த்தூள் இந்தமுறை ரெண்டு பையாக் கட்டியிருக்கிறன். ஒண்டு உனக்கு, ஒண்டு மருமகளுக்கும் பிள்ளைக்கும். ஒரே போத்தலில கொட்டி வைச்சாலும் சரிதான். நேரத்துக்குச் சாப்பிடு.

அம்மா