தாத்தா பெயரில் ஓர் எழுத்துப் பிழை

மாண்புமிகு மலேசிய மக்களவை உறுப்பினர்களுக்கு,

வணக்கம். பினாங்கு, பட்டர்வொர்த்திலிருந்து எழுதுகிறேன். 2010ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் உங்களுக்குப் புதிதல்ல. மத்திய, மாநில அரசாங்கங்களை அது கட்டுப்படுத்தாது என்று 3ஆவது பிரிவு சொல்வதும் தெரியும். 2024இல் சட்டத்தைத் திருத்தியபோதும் அந்த வரியைத் தொடாமல் விட்டீர்கள். அதை நீக்குங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

போன மாதம் அம்மாவுக்கு ஓர் அழைப்பு. போலீஸ் என்று சொன்னவன் அம்மாவின் ஐசி (அடையாள அட்டை) எண்ணை மலாயில் நிறுத்தி நிறுத்தி வாசித்தான். அம்மா அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு 12 எண்களையும் விரலால் தொட்டுத் தொட்டுச் சரிபார்த்திருக்கிறார். எல்லாம் சரி. அப்புறம் தாத்தா பெயர். முனுசாமி என்பதை 'மனுசாமி' என்றான். அட்டையில் அந்தப் பிழை கிடையாது. ஒரே ஓர் அரசு அலுவலகத்தின் பதிவில்தான் இருக்கிறது. திருத்தச் சொல்லி நான் இரண்டு முறை ஏறி இறங்கிய இடம் அது.

"கவர்மெண்டு ஆளேதான்டா, தாத்தா பேரைத் தப்பா சொன்னானே" என்கிறார் அம்மா. அதை வைத்துத்தான் நம்பியிருக்கிறார். கூரை மாற்ற வைத்திருந்த 6,400 வெள்ளி (ரிங்கிட்) போயிற்று. மோசடிப் புகாருக்கான 997க்கு அழைப்பதற்குள் பணம் கைமாறிவிட்டது.

அலுவலகத்தில் கேட்டேன். அந்தச் சட்டம் தங்களுக்குப் பொருந்தாதாம். மரியாதையாகத்தான் சொன்னார்கள். இதே விவரத்தை ஒரு கடைக்காரர் பாதுகாக்காமல் விட்டிருந்தால் 10 லட்சம் வெள்ளி வரை அபராதம், 3 ஆண்டு வரை சிறை. சிவராசா ராசையா வழக்கில் கூட்டரசு நீதிமன்றம் அந்தரங்க உரிமையும் தனிமனிதச் சுதந்திரத்தில் அடங்கும் என்றதே, அது கடைக்காரரிடம் மட்டும் செல்லுபடியாகுமா? 2025 தரவுப் பகிர்வுச் சட்டம் வேறு வந்துவிட்டது. மத்திய அரசு நிறுவனங்கள் எங்கள் விவரங்களைத் தங்களுக்குள் பகிரலாம். மனுசாமியும் சேர்ந்து பயணம் போவார்.

அலுவலகத்தின் பெயரை எழுதலாம்தான். ஆனால் இணையத்தில் புண்படுத்தும்படி எழுதினால் தண்டிக்கும் தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின் 233ஆவது பிரிவு நினைவுக்கு வருகிறது. 2025 பிப்ரவரியிலிருந்து அதன் அபராதம் 5 லட்சம் வெள்ளி வரை. எங்கள் விவரத்துக்கு இல்லாத பூட்டு எங்கள் வாய்க்கு இருக்கிறது.

கோபத்தில் நீட்டிவிட்டேன், மன்னிக்கவும். 3ஆவது பிரிவில் அரசாங்கத்துக்குத் தந்த விலக்கை நீக்கும் திருத்தத்தை அடுத்த கூட்டத்தொடரிலேயே கொண்டுவரும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். தாத்தா பெயரைத் திருத்தக் கொடுத்த படிவத்துக்கும் இன்னும் பதில் வரவில்லை. அதை உங்களிடம் கேட்கவில்லை.

இப்படிக்கு,
முனுசாமியின் பேரன்