குழந்தைகளின் அங்கிக்கு சாட்டின் வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

டிசம்பர் பிறந்தால் போதும், கிறிஸ்துமஸ் நாடகத்தில் புனித பிரான்சிஸ் வேடத்துக்குத் தலைமூடி வைத்த அங்கி தைக்கச் சொல்லி அம்மாமார் என் கடைக்கு வந்துவிடுகிறார்கள். பலர் கையில் பழுப்பு சாட்டின். 1223இல் இத்தாலியின் கிரேச்சோ ஊரில் கிறிஸ்துமஸ் குடில் அமைத்த அசிசி பிரான்சிஸ் முரட்டுத் துணி உடுத்தியவர். அவர் வேடத்துக்கு இந்தப் பளபளப்பு பொருந்தவே பொருந்தாது.

அதைவிடப் பெரிய கவலை மெழுகுவர்த்தி. இந்த சாட்டின் பெரும்பாலும் பாலியெஸ்டர்தான்; தீப்பட்டால் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். பருத்தியும் தீப்பிடிக்கும்தான், ஆகவே மேடையில் பேட்டரி விளக்கு மட்டும் என்று பள்ளிகளே கண்டிப்பாகச் சொல்லிவிட வேண்டும்.

கனமான காடா துணி, அதாவது முரட்டுப் பருத்தித் துணி, எடுங்கள். இரவு முழுக்க ஊறப்போட்டு, உலர்த்தி, அப்புறம் வெட்டுங்கள். இல்லையேல் முதல் சலவையிலேயே சுருங்கிக் கணுக்காலுக்கு மேலே ஏறிவிடும். கடையிலேயே துணியைத் தலையில் போட்டுப் பாருங்கள்: சாட்டின் வழுக்கிப் பின்னால் விழும், காடா நெற்றியில் மடிப்போடு நிற்கும். தலைமூடிக்கு லைனிங் வேண்டாம், பிள்ளைக்குப் புழுங்கும். கழுத்தில் இழுத்துக் கட்டும் நாடா கூடவே கூடாது. ஓடும்போது எங்காவது மாட்டினால் கழுத்தை இறுக்கிவிடும். இடுப்புக்கு மூன்று முடிச்சிட்ட வெள்ளைக் கயிறு போதும். அங்கியின் அடியோரம் தரையில் புரளாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
ஒரு தையல்காரப் பெண்,
பாளையங்கோட்டை.